மேக் கணினிக்கு டிஎம்ஜி கட்டப்போய் இழந்த பதினொரு நாட்கள்

நான் எழுதிக் கொடுத்தது சின்ன மென்பொருள்தான். கல்யாண ஆல்பத்துக்கான ஓடர்களைப் பதிந்து, எந்த ஊருக்கு எவ்வளவு விநியோகக் கட்டணம் என்று கணக்குப் பார்த்து, பில் அடிக்கிற வேலை. பைத்தானில், க்யூட்டி என்ற சன்னல் நூலகத்தைப் பைத்தானுக்குத் தரும் பைசைட்6 வைத்து எழுதி, பைஇன்ஸ்டாலரால் மேக் செயலியாகக் கட்டியது. எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு ஸ்டூடியோவும் கிண்ணியாவில் ஒரு ஸ்டூடியோவும் கேட்டிருந்தன. நிரல் எழுதி முடிந்ததும் "இனி டிஎம்ஜி கட்டிக் கொடுக்கிறதுதானே, ஒரு பின்னேர வேலை" என்று நினைத்தேன். பதினொரு நாள் போயிற்று. ஆப்பிளின் உறுப்பினர் கட்டணத்துக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாய் போயிற்று, டொங்கிள் டேட்டா இரண்டு தடவை முடிந்தது. எல்லாவற்றையும் விட, ஒருவர் மூன்று கிழமையாகப் பதிந்து வைத்திருந்த ஓடர்கள் என் பிழையால் அழிந்தன. பணத்தைப் பிறகு உழைத்துக்கொள்ளலாம். அந்த ஓடர்களை நினைத்தால்தான் இன்றும் மனம் கனக்கிறது. இதை எனக்கு முன்னமே யாராவது சொல்லித் தந்திருந்தால் என்று பல நாள் ஏங்கினேன். அதனால்தான் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

டிஎம்ஜி என்பது ஒரு வட்டின் படிமம். இரட்டைச் சொடுக்கினால் தனி வட்டுப் போல ஏறும். உள்ளே செயலியும், பக்கத்தில் அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்கு ஒரு குறியீட்டு இணைப்பும் இருக்கும். வாடிக்கையாளர் செயலியை இழுத்து அதன்மேல் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் நான் செய்ததும் அதுதான்: ஒரு வெற்றுக் கோப்புறையில் செயலியை வைத்து, இணைப்பை உண்டாக்கி, மேக்கோடு வருகிற எச்டிஐயூட்டில் கட்டளையில் 'கிரியேட்' என்று சொல்லி, யுடிஇசட்ஓ வடிவத்தைக் கொடுத்தேன். இது ஸீலிப்பால் சுருக்கிய, படிக்க மட்டும் முடிகிற வடிவம். எந்த மேக்கிலும் திறக்கும். யுஎல்எஃப்ஓ என்று இன்னொன்று உண்டு, விரைவாக விரியும், ஆனால் 10.11க்கு முந்தைய மேக்குகளுக்குப் புரியாது. பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு போய் உப்புவெளி ஸ்டூடியோவில் நிறுவினேன். முதல் தடவையே திறந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைப் பிழையான வழியில் கூட்டிப்போனது.

கிண்ணியாக்காரருக்கு இணையத்தில் ஏற்றி, டிரைவ் இணைப்பு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் தொலைபேசி வந்தது. "தம்பி, இது பழுதாப்போன சாமானாம், குப்பைக்குள்ள போடச் சொல்லுது." அதே கோப்பு, அதே மேக் பதிப்பு. ஏன் என்று விளங்கவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உலாவியால் இறக்கும் எந்தக் கோப்பின்மீதும் மேக் ஒரு குவாரன்டீன் குறியை ஒட்டுகிறது. டிஎம்ஜியைத் திறந்து செயலியை இழுத்துப் போட்டால் அந்தக் குறி செயலிக்கும் தொற்றும். குறி இருந்தால்தான் மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் செயலியை முழுதாகச் சோதிக்கும். பென்ட்ரைவில் போன கொப்பிக்கோ, நாம் கட்டிய கணினியிலேயே இருக்கும் கொப்பிக்கோ அந்தக் குறி ஏறுவதில்லை. ஆகவே நம் கணினியிலும் பென்ட்ரைவிலும் திறந்ததைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. சோதிப்பதென்றால் எங்காவது ஏற்றி, இன்னொரு மேக்கில் சஃபாரியாலோ குரோமாலோ இறக்கித்தான் சோதிக்க வேண்டும். குறி இருக்கிறதா என்று பார்க்க டெர்மினலில் எக்ஸ்அட்டர் கட்டளைக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்.

இனி, 'உறுதிசெய்யப்படாத தயாரிப்பாளர்' என்று சொல்லாமல் 'பழுது' என்று ஏன் சொன்னது? இரண்டுக்கும் காரணம் வேறு. செயலி ஒன்றைக் கட்டி முடிக்கும்போது அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கெடுத்து ஒரு முத்திரை வைக்கப்படுகிறது. சான்றிதழ் எதுவும் கொடுக்காவிட்டாலும் பைஇன்ஸ்டாலர் அட்ஹாக் முத்திரை, அதாவது யாருடைய பெயரும் இல்லாத முத்திரை ஒன்றைத் தானாகவே வைக்கும். ஆப்பிளின் எம்1 முதலான சில்லுகள், தமக்கெனக் கட்டிய நிரலில் முத்திரையே இல்லாவிட்டால் அதை ஓடவிடாது. நான் செய்த பிழை, கட்டி முடித்த பிறகு ஊர்க் கட்டணக் கோப்புகளைச் செயலிக்குள் கையால் கொண்டுபோய் வைத்தது. முத்திரை உடைந்துவிட்டது. உடைந்த முத்திரையும் குவாரன்டீன் குறியும் சேர்ந்தால் 'பழுது' என்ற செய்தி வரும், அதைத் தாண்ட அமைப்புகளில் பொத்தான் கிடையாது. முத்திரை சரியாக இருந்து தயாரிப்பாளரை மட்டும் தெரியாவிட்டால், அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய் 'எப்படியும் திற' கொடுக்கலாம். முன்பு கன்ட்ரோல் விசையோடு சொடுக்கித் திறக்கும் குறுக்கு வழி இருந்தது. 2024இல் வந்த செக்கோயா என்ற மேக் பதிப்போடு அதுவும் போய்விட்டது. குவாரன்டீன் குறியை டெர்மினலால் நீக்கும் கட்டளையை வாடிக்கையாளருக்கு அனுப்பச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். அதைச் செய்யாதீர்கள். படமெடுக்கிற ஒரு மனிதருக்குப் பாதுகாப்பைக் கழற்றிவிடப் பழக்கினால், நாளைக்கு வேறு யாரோ அனுப்பும் கெட்ட நிரலுக்கும் அவர் அதையே செய்வார். தரவுக் கோப்புகளை, எப்படிக் கட்ட வேண்டும் என்று பைஇன்ஸ்டாலருக்குச் சொல்லும் ஸ்பெக் கோப்பில் 'டேட்டாஸ்' பட்டியலில் எழுதுங்கள், கட்டும்போதே உள்ளே போய்விடும். முத்திரை வைத்தபின் உள்ளே ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது.

வெளியாட்களுக்குக் கொடுப்பதென்றால் ஆப்பிளின் டெவலப்பர் உறுப்புரிமை தவிர்க்க முடியாதது. வருடத்துக்கு 99 டொலர். கட்டுவதற்கு முன் உங்கள் கார்ட் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள்; எனக்கு அதற்கே ஒன்றரை நாள் போயிற்று. தனிநபராகச் சேர்ந்தால் சான்றிதழில் உங்கள் சட்டப் பெயர்தான் வரும், கடைப் பெயர் வராது. நிறுவனப் பெயர் வேண்டுமென்றால் நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் இலக்கம் வேண்டும்.

சான்றிதழ்ப் பக்கத்தில் பல வகைகள் இருக்கும். நமக்கு வேண்டியது 'டெவலப்பர் ஐடி அப்ளிகேஷன்'. 'ஆப்பிள் டிஸ்ட்ரிபியூஷன்' ஆப் ஸ்டோருக்கானது, 'ஆப்பிள் டெவலப்மென்ட்' நம் கணினியில் சோதிப்பதற்கானது, 'டெவலப்பர் ஐடி இன்ஸ்டாலர்' பிகேஜி நிறுவிகளுக்கானது. நான் முதலில் எடுத்தது பிழையான வகை. சான்றிதழைக் கொண்டு செயலிக்கு வைக்கும் முத்திரைதான் கையொப்பம். பிழையான வகையிலும் அது எந்த முறைப்பாடும் இல்லாமல் இடப்பட்டுவிடும், பிறகுதான் ஆப்பிளிடமிருந்து நிராகரிப்பு வரும். இன்னொன்று: மேக்கின் சாவிப் பெட்டகமான கீசெயின் அக்செஸில் சான்றிதழ் கோரிக்கையை உண்டாக்கும்போதே தனிச்சாவி அந்த மேக்கில் மட்டும் பிறக்கிறது. சான்றிதழை வேறு கணினியில் இறக்கினால் கையொப்பமிட முடியாது. அன்றைக்கே சாவியையும் சான்றிதழையும் சேர்த்து பி12 கோப்பாக எடுத்து, கடவுச்சொல் போட்டு, கணினிக்கு வெளியே ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள்.

கையொப்பமிடும் கட்டளை கோட்சைன். அதில் 'டீப்' என்ற தெரிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடும் என்று நம்பி ஒரு நாள் வீணாக்கினேன். அது வழக்கமான இடங்களில் உள்ள நிரல்களை மட்டுமே தேடிப் போகும், எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதிப் பட்டியலைப் பூசிவிடும். சரியான ஒழுங்கு உள்ளிருந்து வெளியே: முதலில் நூலகக் கோப்புகள், பிறகு ஃபிரேம்வொர்க்குகள், துணை நிரல்கள், கடைசியாகச் செயலி. பைஇன்ஸ்டாலர் பாவிப்பவர்கள் ஸ்பெக் கோப்பிலேயே கோட்சைன் அடையாளத்தையும் அனுமதிக் கோப்பையும் எழுதிவிட்டால் அது இந்த ஒழுங்கில் தானே செய்துகொள்ளும். கையால் செய்வதென்றால் இரண்டு தெரிவுகளை மறக்கக் கூடாது: 'ஆப்ஷன்ஸ் ரன்டைம்', 'டைம்ஸ்டாம்ப்'. முதலாவது, ஓடும் நிரலுக்குக் கூடுதல் பாதுகாப்பான ஹார்டன்ட் ரன்டைமைப் போடுகிறது. இரண்டாவது, கையொப்பம் எப்போது விழுந்தது என்பதற்கு ஆப்பிளின் சேவையிலிருந்து நேரச் சான்று வாங்குகிறது. அதற்கு இணையம் வேண்டும். என் செயலிக்குள் நூற்றைம்பதுக்கு மேல் நிரல் கோப்புகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை சேவையைக் கேட்கும். டொங்கிள் சிக்னல் ஒரு கணம் போனாலும் நேரச் சேவை கிடைக்கவில்லை என்று பாதியில் நின்றுவிடும். நான் விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பி, சிக்னல் நன்றாக இருக்கிற நேரத்தில்தான் இதைச் செய்து முடித்தேன்.

கையொப்பம் இடும்போது 'ஃபைண்டர் தகவலோ அதுபோன்ற குப்பையோ அனுமதியில்லை' என்ற பொருளில் பிழை வந்தால், திட்டக் கோப்புறை ஐகிளவுடோடு ஒத்திசையும் டெஸ்க்டொப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றி, எக்ஸ்அட்டர் கட்டளைக்கு 'சிஆர்' தெரிவைக் கொடுத்துச் செயலியைத் துடைத்துவிட்டு மறுபடி கையொப்பமிடுங்கள். திறக்கும்போது 'டீம் ஐடி வேறுவேறாக இருக்கிறது' என்று நூலகம் ஏறாமல் விழுந்தால், உள்ளே எங்கோ ஒரு கோப்பு உங்கள் சான்றிதழால் கையொப்பமாகவில்லை. அதற்கு நூலகச் சரிபார்ப்பை நிறுத்தும் அனுமதியைப் போட்டு மூடிமறைக்காமல், விடுபட்ட கோப்பைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்தது நோட்டரைசேஷன். கையொப்பமிட்ட பொதியை ஆப்பிளுக்கு ஏற்றினால் தானியங்கி முறையில் சோதித்து ஒரு சீட்டுத் தருவார்கள். பழைய ஆல்டூல் வழி 2023 நவம்பர் 1ஆம் திகதியோடு நின்றுவிட்டது, இணையத்தில் கிடைக்கும் பாதி வழிகாட்டிகள் இன்னும் அதையே சொல்கின்றன. இப்போது கட்டளை வரியில் அதற்குப் பதிலாக இருப்பது நோட்டரிடூல். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை அதற்குக் கொடுக்கக் கூடாது. கணக்குப் பக்கத்தில் செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்றை உண்டாக்கி, 'ஸ்டோர் கிரெடென்ஷியல்ஸ்' மூலம் கீசெயினில் வைத்துவிடுங்கள். பிறகு 'சப்மிட்', கூடவே 'வெயிட்'. பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை வரும். காத்திருக்கும்போது இணையமோ மின்சாரமோ போனால் பதற வேண்டாம். ஏற்றம் முடிந்திருந்தால் கிடைத்த அடையாள எண்ணை 'இன்ஃபோ'வுக்குக் கொடுத்துப் பிறகு கேட்கலாம், எண்ணைத் தவறவிட்டால் 'ஹிஸ்டரி' காட்டும். இது தெரியாமல் இரண்டு தடவை முழுப் பொதியையும் மறுபடி ஏற்றினேன்.

'இன்வலிட்' என்று வந்தால் ஊகிக்காமல் 'லாக்' எடுங்கள். எந்தக் கோப்பில் என்ன குறை என்று வரிவரியாக இருக்கும். எனக்கு வந்தவை மூன்று: டெவலப்பர் ஐடி சான்றிதழ் இல்லை, பாதுகாப்பான நேரச் சான்று இல்லை, ஹார்டன்ட் ரன்டைம் இல்லை. மூன்றுக்கும் காரணம் மேலே சொன்னவைதான். செயலியை ஸிப்பாக ஏற்றுவதென்றால் சாதாரண ஸிப் கட்டளை வேண்டாம். அது குறியீட்டு இணைப்புகளைப் பின்தொடர்ந்து உண்மைக் கோப்பையே இன்னொரு தடவை அடைத்துவிடும்; பைஇன்ஸ்டாலர் 6க்குப் பிறகு செயலிக்குள் அப்படியான இணைப்புகள் நிறைய. டிட்டோ கட்டளையால் கட்டுங்கள்.

பொதியின் பருமனைக் குறைப்பதும் இங்கேதான் கைகொடுக்கிறது. பில்லின் அச்சு முன்னோட்டத்துக்காக மட்டும் க்யூட்டி வெப்எஞ்சினைச் சேர்த்திருந்தேன். அது குரோமியம் உலாவி முழுவதையும் இழுத்து வந்துவிடும், தனியாக ஒரு துணை நிரலும் அதற்கு ஓடும்போதே நிரல் உண்டாக்கிக்கொள்ளும் ஜிட் அனுமதியும் கேட்கும். அதைத் தூக்கிவிட்டு க்யூட்டியின் சாதாரண அச்சு வகுப்புகளால் எழுதினேன். 240 எம்பியாக இருந்த டிஎம்ஜி 70 எம்பி ஆயிற்று. இதை முதல் நாளே செய்திருந்தால் டேட்டாக் காசில் பாதி மிஞ்சியிருக்கும்.

சில்லு வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்1இல் கட்டியது பழைய இன்டெல் ஐமேக்கில் திறக்காது. இரண்டுக்கும் ஒரே பொதி வேண்டுமென்றால் இரு சில்லுக்கும் சேர்த்துக் கட்டிய யூனிவர்சல்2 பைத்தான் வேண்டும், பாவிக்கும் எல்லா நூலகப் பொதிகளும் அப்படியே இருக்க வேண்டும். படங்களைக் கையாளும் பில்லோ போன்றவை சில்லுக்குத் தனித்தனியாக வருவதால் பைஇன்ஸ்டாலர் பாதியில் மறுத்துவிடும். இரண்டு டிஎம்ஜி கட்டி, பெயரிலேயே இன்டெல், எம் என்று எழுதிவிடுவது மேல்.

டிஎம்ஜியின் சன்னலை அழகாக்கும் வேலைக்கு வருவோம். ஐகன்களின் இடம், பருமன், பின்னணிப் படம் எல்லாம் டிஎஸ் ஸ்டோர் என்ற மறைகோப்பில் இருக்கின்றன. எழுதக்கூடிய யுடிஆர்டபிள்யூ படிமம் கட்டி, ஏற்றி, ஃபைண்டரில் அடுக்கி, இறக்கி, யுடிஇசட்ஓவுக்கு மாற்றுவது ஒரு வழி. அதில் இரண்டு தொல்லைகள். இறக்கும்போது 'ரிசோர்ஸ் பிஸி' என்று மறுக்கும், ஸ்பாட்லைட்டோ ஃபைண்டரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். சில விநாடி விட்டு மறுபடி முயல வேண்டும். அதே பெயரில் பழைய படிமம் ஏற்கெனவே ஏறியிருந்தால், புதியது பெயருக்குப் பின்னால் '1' என்று ஒட்டிக்கொண்டு ஏறும், பின்னணிப் படம் காணாமல் போகும். நான் டிஎம்ஜிபில்ட் என்ற பைத்தான் கருவிக்கு மாறினேன். ஃபைண்டரைத் தொடாமல் மறைகோப்பை நேரே எழுதிவிடும். சன்னல் 600க்கு 400, ஐகன் 128. பின்னணியை இரண்டு பருமனில் கீறி, டிஃப்யூட்டில் கட்டளையால் ஒரே டிஃப் கோப்பாக்கினால் ரெட்டினா திரையிலும் கூர்மையாக இருக்கும். அம்புக்குறிக்கு மேலே 'இதை இழுத்து அங்கே போடுங்கள்' என்று தமிழில் பெரிதாக எழுதினேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு 'எப்படி நிறுவுகிறது' என்று கேட்டு ஒருவரும் அழைக்கவில்லை.

இப்போது, நான் வேறெங்கும் படித்திராத சிக்கல். ஊருக்கு ஒன்றாகக் கட்டணக் கோப்புகள் வைத்திருந்தேன், பெயர்கள் தமிழில். என் மேக்கில் எல்லா ஊரும் பட்டியலில் வந்தது. டிஎம்ஜியில் இருந்து நிறுவிய கணினியில் மூதூர் இருந்தது, கிண்ணியா இருந்தது, தம்பலகாமம் இருந்தது. திருகோணமலை இல்லை! தோப்பூரும் கோமரங்கடவலையும் மொறவெவவும் இல்லை. கோப்புறையைத் திறந்தால் கோப்புகள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. நிரல் மட்டும் இல்லை என்கிறது.

காணாமல் போன பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எல்லாவற்றிலும் ஒகர உயிர்மெய் அல்லது ஓகார உயிர்மெய் இருந்தது: கோ, தோ, மொ. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடாகவும், ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்று குறியீடாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஔகாரக் குறிக்கும் இதே கதிதான். பழைய மேக்குகளுக்காக டிஎம்ஜியின் கோப்பு முறைமையாக எச்எப்எஸ் பிளஸைத் தேர்ந்திருந்தேன். அது கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமிக்கும். அங்கிருந்து இழுத்துப் போட்டபோது, இப்போதைய மேக்குகளின் கோப்பு முறைமையான ஏபிஎஃப்எஸ் அந்தப் பிரித்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டது. பெயரைக் கொடுத்துக் கோப்பைத் திறந்தால் திறக்கும், மேக் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஆனால் என் நிரல் கோப்புறையைப் பட்டியலிட்டு, வந்த பெயரைத் தரவுத்தளத்தில் இருந்த பெயரோடு ஒப்பிட்டது. மூன்று குறியீடும் இரண்டு குறியீடும் பொருந்தவில்லை. சொந்த ஊரின் பெயரே என் நிரலுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. பட்டியலில் வரும் ஒவ்வொரு பெயரையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா நார்மலைஸால் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்கு மாற்றி ஒப்பிட்டேன், எல்லா ஊரும் திரும்பி வந்தன. இன்னும் நல்ல வழி, பொதிக்குள் கோப்புப் பெயர்களை எண்களாக வைத்து, தமிழ்ப் பெயரைக் கோப்புக்குள் எழுதுவது. இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஓடர்கள் அழிந்த கதை இதற்கு அடுத்த நாள். ஊர்ப்பெயர்ப் பிழையைத் திருத்திய பதிப்பை உப்புவெளிக்குக் கொண்டுபோனேன். அங்கே முதல் நாள் பென்ட்ரைவில் நிறுவியதையே பாவித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னர், டிஎம்ஜி கட்டத் தொடங்க முதலே, நான் சோதனைக்குக் கொடுத்த பதிப்பில் பதிந்த ஓடர்களையும் அதற்குள்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன். புதியதை இழுத்துப் போட்டேன், 'மாற்றவா' என்று கேட்டது, ஆம் என்றேன். திறந்தால் பட்டியல் வெறுமை. தரவுத்தளக் கோப்பைச் செயலிக்குள்ளேயே வைத்திருந்தேன். மாற்றும்போது ஃபைண்டர் பழைய செயலியை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும், உள்ளே இருந்தவற்றைச் சேர்க்காது. ஸ்டூடியோ அண்ணை என்னை ஏசவில்லை. "பில் புத்தகம் இருக்குத்தானே" என்றார். அவரோடு இருந்து, பில் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் திரும்பப் பதிந்தேன். புத்தகத்தில் இல்லாத முற்பணக் கணக்குகள் சில கிடைக்கவேயில்லை.

பயனர் எழுதும் எதுவும் செயலிக்குள் இருக்கக் கூடாது. இடம், அவருடைய லைப்ரரி கோப்புறைக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். க்யூட்டியில் ஸ்டாண்டர்ட் பாத்ஸிடம் ஆப் டேட்டா இடத்தைக் கேட்டால் அதுவே சொல்லும். உள்ளே எழுதினால் முத்திரையும் உடையும். டிஎம்ஜியில் இருந்து நேரே திறந்தால் வட்டு படிக்க மட்டும் முடிகிறதாகையால் எழுதவே முடியாது. திறக்கும்போது தான் எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்து, வட்டுப் படிமத்தில் இருந்தால் 'முதலில் அப்ளிகேஷன்ஸுக்குள் இழுத்துப் போடுங்கள்' என்று சொல்லி மூடிக்கொள்ளும்படி சில வரிகள் சேர்த்தேன். புதிய பதிப்பு திறந்ததும் பழைய தரவுத்தளத்தைத் திகதியோடு கொப்பி எடுத்து வைக்கவும் செய்தேன்.

இப்போது நான் செய்யும் ஒழுங்கு இதுதான். செயலியைக் கட்டும்போதே கையொப்பம். டிஎம்ஜிபில்டால் படிமம். அந்த டிஎம்ஜிக்கும் அதே சான்றிதழால் கையொப்பம். நோட்டரிடூலுக்கு டிஎம்ஜியையே ஏற்றுவது, உள்ளே இருக்கும் செயலியையும் சேர்த்துச் சோதிப்பார்கள். ஏற்றுக்கொண்டதும் ஸ்டேப்ளரால் சீட்டை டிஎம்ஜியில் ஒட்டுவது. ஒட்டினால்தான் இணையம் இல்லாத கணினியிலும் சீட்டைப் பார்க்க முடியும். ஸிப்பில் சீட்டு ஒட்டாது. சீட்டு ஒட்டும்போது கோப்பு மாறுவதால், கோப்பு மாறாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க உதவும் எஸ்எச்ஏ256 கணக்கை அதற்குப் பிறகே எடுப்பது. எஸ்பிசிடிஎல் கட்டளையால் செயலியைக் கேட்டால் 'நோட்டரைஸ்ட் டெவலப்பர் ஐடி' என்று வர வேண்டும். பிறகு ஏற்றி, உவர்மலையில் இருக்கும் நண்பரின் மேக்கில் உலாவியால் இறக்கி, இதுவரை அந்தச் செயலி ஏறியிராத புதிய பயனர் கணக்கில் திறப்பது. அவரிடம் நூலகங்களை நிறுவித் தரும் ஹோம்புரூ கருவி இல்லை என்பது எனக்குப் பெரிய உதவி. என் கணினியில் ஹோம்புரூ கோப்புறையில் இருக்கும் நூலகத்தைத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேதான் அகப்படும்.

சான்றிதழின் முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், ஐந்து வருடம். நேரச் சான்றோடு கையொப்பமிட்ட செயலிகள் அதற்குப் பிறகும் ஓடும்; உறுப்புரிமை ஒரு வருடம் விடுபட்டாலும் கொடுத்தவை திறக்கும். புதிய பதிப்பை நோட்டரைஸ் செய்யத்தான் மறுபடி 99 டொலர் கட்ட வேண்டும். ஸ்டூடியோக்காரரிடம் விலை பேசும்போதே அதை வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். நான் முதல் வருடம் சேர்க்கவில்லை, கையிலிருந்துதான் கட்டினேன்.